பக்கத்தில் உட்கார்ந்தவள்

லாரியில் கட்டியிருந்த எல் போர்டைப் பிடுங்கித்தான் என் கணவரை அடித்தார்கள். அது வெறும் தகரம். வெள்ளையடித்து, சிவப்பில் அந்த ஒரு எழுத்தை எழுதி, சணல் கயிற்றால் லாரியின் முன்னால் கட்டியிருந்தார். அதன் விளிம்பு பட்டு அவருடைய இடது காது பாதி கிழிந்து தொங்கியது. அடித்தவர் அதோடு நிறுத்தவில்லை. தகரம் வளைந்து போகும்வரை தோளிலும் முதுகிலும் மாற்றி மாற்றி அடித்தார். வளைந்த பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முந்திரிக் கழியை எடுத்துக்கொண்டார்.

எனக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. நெய்வேலியில் பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டிருந்த காலம். என் கணவர் ஒரு கான்ட்ராக்டரின் செங்கல் லாரியில் கிளீனர். வேலையாட்களுக்காகப் போட்டிருந்த கீற்றுக் கொட்டகைகளில் ஒன்றில் குடியிருந்தோம். லைசென்சு மட்டும் கையில் இருந்தால் சுரங்கத்தில் டிரைவராகச் சேர்ந்துவிடலாம், அது பெர்மனன்ட், குவார்ட்டர்ஸும் கிடைக்கும் என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. பழகுவதற்கான எல் சீட்டு வாங்கியிருந்தார். டெஸ்டுக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார்கள்.

அந்த லாரியின் டிரைவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என் கணவர் அவரை அண்ணாச்சி என்பார். அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இவர் ஓட்டுவார். அப்படித்தான் ஓட்டலாம் என்பது சீட்டிலேயே போட்டிருந்த நிபந்தனை.

அன்று மத்தியானம் அண்ணாச்சி முகச்சவரம் செய்துகொள்ள இறங்கிப் போயிருந்தார். நான் தூக்குவாளியில் சோறு கொண்டுபோனேன். செங்கலை இறக்க வேண்டிய பிளாக் கொஞ்ச தூரத்தில் இருந்தது. இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "ஏறு, போயி எறக்கிட்டு வந்துடலாம்" என்றார்.

"அண்ணாச்சி வந்துடட்டுங்க."

"அந்த ஆளு தாடிய மழிச்சிகினு வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். ஏறு."

"போலீசு புடிச்சா?"

"இங்க எந்த போலீசு வருவான்? இது கம்பெனி நெலம், கம்பெனி போட்ட ரோடு. எல் போர்டு சட்டம்லாம் கேட்டுக்கு வெளியதான்."

அவர் மட்டுமில்லை, அங்கே கிளீனராக இருந்த எல்லாருமே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். டவுன்ஷிப்புக்குள் ஓட்டுவது நம் வீட்டு வாசலில் ஓட்டுவது மாதிரி என்பார்கள். நான் ஏறி, அண்ணாச்சி உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன்.

முந்திரிக் காட்டை ஒட்டி ரோடு வளையும் இடத்தில் ஒருவர் தலையில் புல்லுக்கட்டோடு குறுக்கே வந்தார். கட்டு பெரியது. அவர் முகமே தெரியவில்லை. "ஆளு, ஆளு" என்று கத்தினேன். இவர் கால் பிரேக்குக்குப் போகவில்லை. பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். புல்லுக்கட்டு கண்ணாடியில் வந்து மோதியது. வண்டி ஒரு தரம் தூக்கிப் போட்டது. பின்னால் பச்சைக் கிளை முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. பின்சக்கரம் அவருடைய முழங்காலுக்குக் கீழே ஏறி இறங்கியிருந்தது. அவர் எழுப்பிய சத்தத்தை என்னால் எழுத முடியாது.

காட்டுக்குள் முந்திரிக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த ஆட்கள் அவருடைய ஊர்க்காரர்கள். ஓடி வந்து முதல் கல்லைக் கண்ணாடியில் விட்டார்கள். இவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து, தலைகீழாக மண்ணில் போட்டார்கள். அப்புறம்தான் அந்தத் தகரம். என் பக்கத்துக் கதவைத் திறந்தது ஒரு பெண். அடிபட்டவரின் மனைவி.

"என் ஆம்பளய சாச்சிட்டு உள்ள குந்திகினு இருக்கியாடி? எறங்குடி கீழ!"

என் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். விழுந்ததில் வாயெல்லாம் செம்மண். அவள் என்னை மாறி மாறி அறைந்தாள். நான் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. அவளுடைய புடவை முந்தானை முழுக்க அவள் புருஷனின் ரத்தம் இருந்தது. அது என் முகத்திலும் ஒட்டியது.

அண்ணாச்சி ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். கூட்டத்தை விலக்கிவிட்டு, கீழே கிடந்த ஆளைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். அடி வாங்கிக்கொண்டிருந்த என் கணவரை அவரும் ஓங்கி அறைந்தார்.

"ஏலே, நா எறங்கிட்டா வண்டி அசையக் கூடாதுன்னு சொன்னேம்லா? சொன்னேனா இல்லியால?"

வண்டிக்காரன் இவன்தான் என்று அவரையும் பிடித்து அடித்தார்கள். நுரை சிவப்பாகிவிட்டது. கம்பெனி காவலாளிகள் வந்து தடியைச் சுழற்றிய பிறகுதான் கூட்டம் நகர்ந்தது.

ஸ்டேஷனில் ஏட்டு இவரை நிற்கவைத்துக் கேட்டார். காதுக்குத் துணி கட்டியிருந்தது.

"பக்கத்துல யாருடா இருந்தது?"

"என் சம்சாரங்க."

"அவகிட்ட லைசென்ஸ் இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப நீ தனியாதாண்டா ஓட்டியிருக்க." ஓர் அறை. "பொண்டாட்டிய வச்சிகினு ஓட்டுனாலும் ஆட்டுக்குட்டிய வச்சிகினு ஓட்டுனாலும் சட்டத்துக்கு ஒண்ணுதான்." இன்னோர் அறை.

"கம்பெனி ரோடுங்க..."

அதற்கு விழுந்த அறையில் இவர் சுவரில் போய் மோதினார். காதில் கட்டிய துணி நனைந்துவிட்டது. நான் பெஞ்சியின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். "ஆட்டுக்குட்டிய வெளிய அனுப்புய்யா" என்றார் ஏட்டு. எல்லாரும் சிரித்தார்கள்.

ஜாமீனில் வந்த பிறகு வக்கீல் விளக்கிச் சொன்னார். கவனமில்லாமல் ஓட்டிக் காயப்படுத்தியது ஒரு வழக்கு. லைசென்சுள்ள ஆள் பக்கத்தில் இல்லாமல் எல் சீட்டை வைத்து ஓட்டியது இன்னொன்று. "முதல் கேசுல பேசிப் பாக்கலாம், புல்லுக்கட்டு மறைச்சுதுன்னு சொல்லலாம். ரெண்டாவது நிரூபணம் ஆச்சுன்னா ஒங்க எல் சீட்டு போச்சு. லைசென்சே வாங்கக் கூடாதுன்னு தடை போட்டுடுவாங்க. அப்புறம் எந்தக் கம்பெனி டிரைவர் வேல குடுக்கும்?"

அன்று சாயங்காலமே அண்ணாச்சி எங்கள் கொட்டகைக்கு வந்தார். பக்கத்தில் இருந்ததாக ஒரு வார்த்தை சொல்லும்படி இவர் கெஞ்சினார். காலைக்கூடத் தொட்டார்.

"நா ஒக்காந்திருந்தேன்னு சொன்னா, ஒக்காந்துக்கிட்டே ஆள நசுக்க விட்டவன்னு எஞ் சீட்டயும்லா கிழிப்பான்? ஊர்ல பொம்பளப்புள்ளைய நாலு கெடக்கு. போல, போ."

"நீ எறங்கிப் போனதாலதான்யா இவ்வளவும்!"

"செரைக்கப் போனது குத்தமால?"

இவர் அடுப்பிலிருந்து எரிகிற விறகை உருவி அவர் தோளில் அடித்தார். சட்டை பற்றிக்கொண்டது. அண்ணாச்சி அதைக் கையாலேயே தட்டி அணைத்துவிட்டு, இவர் கழுத்தைப் பிடித்துக் கம்பத்தோடு சேர்த்து நெரித்தார். கண் பிதுங்கியது. நான் நடுவில் விழுந்து அவர் கையைக் கடித்தேன். உலைப்பானை சாய்ந்து என் பாதத்தில் கொட்டியது. அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து பிரித்தார்கள். அண்ணாச்சி போகும்போது கடிபட்ட கையை உதறிக்கொண்டு, "நல்லாக் கடிக்கியே தாயி" என்றார். கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை.

மறுபடியும் வக்கீலிடம் போனோம். அவர் என்னைப் பார்த்தார். "அப்ப நீதாம்மா. கேபின்ல மூணு பேர் இருந்தோம், டிரைவர் நடுவுல இருந்தாருன்னு சொல்லு. அந்த ஆளு இல்லேன்னு சொன்னா, தன் லைசென்ஸக் காப்பாத்திக்க மழுப்புறான்னு நா பேசிக்கிறேன்."

வழக்கு வரும்வரை தினமும் இவர் என்னை நிற்கவைத்துச் சொல்லவைத்தார். எனக்கு வேற்று ஆட்கள் முன்னால் பேச்சே வராது. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கும்போதே குரல் போய்விடும். சத்தமாகச் சொல்லாவிட்டால் இவர் கன்னத்தில் அறைவார். அறைந்துவிட்டு, "நம்ம ரெண்டு பேரு சோத்துக்குத்தான சொல்றேன்" என்பார்.

கோர்ட்டுக்கு அடிபட்டவர் கவட்டுக்கட்டை ஊன்றி வந்தார். காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். எங்கள் வக்கீல் முதலில் ரோட்டைப் பற்றித்தான் கேட்டார். அது பொது ரோடு இல்லை என்றால் எல் போர்டு சட்டம் செல்லாது என்பது அவருடைய வாதம்.

"அது கம்பெனி ரோடு. அங்க உனக்கு என்ன வேலை?"

"என் கொல்லிங்க அது, முந்திரி வச்ச நெலம்."

"கம்பெனி எடுத்துடுச்சில்ல?"

"எடுத்துகினாங்க. ரோடும் போட்டுகினாங்க. பால்காரன் போறான், கீரைக்காரி போறா, பஸ்ஸு போவுது. நான் மட்டும் பறந்து போவணுமா?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. குனிந்து எழுதினார். எங்கள் வக்கீல் தாளை மடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அந்த வாதம் செத்துவிட்டது எனக்குத் தெரிந்தது. மிச்சம் இருந்தது நான்தான்.

கூண்டில் ஏறினேன். எதிரே இவர் நின்றார். பின்னால் சுவரோரம் அண்ணாச்சி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்தபோது அவர் தரையைப் பார்த்தார்.

"ஒன் புருஷன் லாரி ஓட்டுனப்ப பக்கத்துல யாரும்மா இருந்தது?" என்று எங்கள் வக்கீல் கேட்டார்.

மூன்று பேர் என்று தொடங்க வேண்டும். அத்தனை நாள் அறை வாங்கிப் பழகிய வார்த்தை. அதைச் சொல்ல நிறையக் குரல் வேண்டியிருந்தது. என்னிடம் அவ்வளவு இல்லை. இருந்த கொஞ்சக் குரலில் உண்மைதான் வந்தது.

"கேக்கல. சத்தமா சொல்லும்மா" என்றார் மாஜிஸ்திரேட்.

மறுபடி சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. தோளில் டவாலிப் பட்டை போட்ட கோர்ட்டுச் சேவகர் என் பக்கத்தில் வந்து, "கத்திச் சொல்லு தாயி" என்று அதட்டினார். பயத்தில் கத்திவிட்டேன்.

"நான் மட்டுந்தான்! வேற யாரும் இல்ல!"

ஜன்னலில் இருந்த புறா பறந்துபோகும் அளவுக்குக் கத்தியிருக்கிறேன் என்று பிறகு சொன்னார்கள். இவர் கூண்டின் கம்பியைக் காலால் உதைத்தார். போலீஸ்காரர் அவர் கழுத்தைப் பிடித்து அமுக்கினார்.

இரண்டு வழக்கிலும் தண்டனை. சில மாதம் ஜெயில். எல் சீட்டு ரத்து, லைசென்சு வாங்கத் தடை. விலங்கு மாட்டிக் கூட்டிக்கொண்டு போகும்போது இவர் என் பக்கம் காறித் துப்பினார்.

வெளியே மரத்தடியில் அடிபட்டவரின் மனைவி நின்றிருந்தாள். என் அருகில் வந்தாள். மறுபடி இழுப்பாளோ என்று நான் கொண்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"மூணு பேருன்னு நீ பொய்ச் சாட்சி சொல்லப் போறதா பேசிகினாங்க. சொல்லியிருந்தா இங்கயே உன் நாக்க அறுத்திருப்பேன்" என்றாள். மடியில் நிஜமாகவே அரிவாள்மனைத் துண்டு ஒன்று இருந்தது. அதைக் காட்டிவிட்டு, புருஷனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

தண்டனை முடிந்த அன்று காலையில் ஜெயில் வாசலில் போய் நின்றேன். இவர் இளைத்து, காது ஒட்டிய இடம் தடித்துப்போய் வெளியே வந்தார். பக்கத்தில் வந்ததும் எதுவும் கேட்காமல் அறைந்தார்.

"மூணு பேருன்னு ஒரு வார்த்த. நாக்கு தேஞ்சிடுமாடி?"

என் கை எப்படி எழுந்தது என்று எனக்குத் தெரியாது. திருப்பி அறைந்தேன். நல்ல அறை. இவர் இரண்டடி பின்னால் போனார். வாசலில் நின்ற ஜெயில் காவலர் சிரித்துவிட்டார்.

"எம்மா, அவன் இப்பத்தான் வெளிய வந்தான். நீ உள்ள போவணுமா?"

இருவரும் பஸ் நிற்கும் இடம் வரை நடந்தோம். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்த பிறகு, இவர் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே, "தடை முடிஞ்சதும் லைசென்சுக்கு மறுபடி எழுதிப் போடப் போறேன்" என்றார்.

"போடுங்க. நான் பக்கத்துல உக்கார மாட்டேன்."

கண்டக்டர் வந்ததும் நெய்வேலிக்கு இரண்டு டிக்கெட் என்று நான்தான் கேட்டேன். இவர் காதில் விழும்படி, சத்தமாகவே கேட்டேன்.