தண்ணீருக்கு முன்னால் ஓடியவள்

சமையல்கட்டில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது.

குடத்துக்குள் செம்பு அமிழ்ந்து, களுக்கென்று வாய் நிறைய விழுங்கி மேலே வந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த கலியபெருமாளின் கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று. இறுகுகிறதா? இல்லை. எச்சிலை விழுங்கிப் பார்த்தார். இறங்கியது. நம்பிக்கை வராமல் இன்னொரு தரம் விழுங்கினார்.

"கழுத்துல அப்படி என்ன இருக்கு, பத்துப் பவுன் சங்கிலியா? எப்பப் பார்த்தாலும் தடவிக்கிட்டு!" செம்போடு வந்த சௌந்தரநாயகி அதை ஸ்டூலின் மேல் வைத்தாள். "ஊசியெல்லாம் போட்டாச்சு, ஒண்ணும் வராதுன்னு டாக்டரம்மாவும் சொல்லியாச்சு. இன்னும் இந்தக் கூத்து ஓயலை. ஒரு நாள் பாருங்க, நான்தான் உங்களைப் பார்த்துக் குரைக்கப் போறேன்."

அவர் சிரிக்கவில்லை. செம்பையும் பார்க்கவில்லை. மறுநாள் ஆற்றில் புதுத் தண்ணீர் வருகிறது. அதை நினைத்துத்தான் காலையிலிருந்து அவர் வாசலைத் தாண்டவில்லை.

ஊர் மொத்தமும் அந்தத் தண்ணீருக்காகத் தவம் கிடக்கும்போது அவர் மட்டும் பயந்தார் என்றால் யார் நம்புவார்கள்? கலியபெருமாள் லஸ்கர். ஆற்று மதகைத் திறந்து மூடுகிற வேலை. குடவாசலுக்குக் கிழக்கே இருக்கும் அந்த மதகின் சாவி அவர் இடுப்பில் ஏறியபோது அவருக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. இப்போது மீசை முழுக்க நரைத்துவிட்டது. அவர் திருகினால்தான் ஊருக்கு நாற்று, அவர் இறக்கினால் ஊருக்கு வறட்சி. நடவு நாளில் பெரிய மிராசுதார்களே "லஸ்கர் அண்ணே" என்று பின்னால் வருவார்கள். தாகம் எடுத்தால் கரையில் குந்தி, இரண்டு கையாலும் அள்ளி ஆற்றையே குடித்த மனுஷன். அந்த மனுஷன்தான் இன்று ஒரு செம்புத் தண்ணீருக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் போன வருஷம் புதுத் தண்ணீர் வந்த அன்று ஆரம்பித்தது.

காய்ந்து கிடக்கும் வாய்க்காலில் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக ஊர்ந்து வரும். பெண்கள் மஞ்சளும் பூவும் நெல்லும் தூவுவார்கள். பிள்ளைகள் வாய்க்காலுக்குள் இறங்கி, தண்ணீருக்கு முன்னால் ஓடுவார்கள். தண்ணீர் துரத்தும், பிள்ளைகள் பிடிகொடுக்காமல் கத்திக்கொண்டே ஓடுவார்கள். அன்று எல்லோருக்கும் முன்னால் ஓடியவள் பூமிகா. பக்கத்துத் தெரு மோகனப்பிரியாவின் மகள், முதல் வகுப்பு முடித்தவள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் மதகடியில் நின்று, "தாத்தா, தண்ணி வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். கோடைவிடுமுறையில்கூட அந்தக் கேள்வி தவறியதில்லை.

அந்தக் கூட்டத்தில் எங்கிருந்தோ ஒரு நாய்க்குட்டி வந்தது. கலியபெருமாளின் குதிகாலைக் கவ்விற்று. காலை உதறினார், போயிற்று. பூமிகா அதைத் தூக்கிக் கொஞ்சினாள். உதட்டில் கடித்துவிட்டது.

"ரத்தம் வருதே, பிரியா?" என்று கேட்டார்.

"குட்டிதானே மாமா, கீறல்தான்" என்று மோகனப்பிரியா தூவ வைத்திருந்த மஞ்சளையே கொஞ்சம் எடுத்து மகள் உதட்டில் அப்பினாள். "புதுத் தண்ணி வந்த நாள்ல யாராவது ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பாங்களா?"

அவரும் தலையாட்டினார். அந்த ஊரில் எல்லோருமே தலையாட்டியிருப்பார்கள். நல்ல நாளில் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கக் கூடாது.

குறுவை நடவு முடிவதற்குள் பூமிகா படுத்துவிட்டாள். முதலில் காய்ச்சல் என்றார்கள். பிறகு தண்ணீர் டம்ளரைக் கண்டாலே உடம்பு தூக்கிப் போட்டது. மின்விசிறிக் காற்றுப் பட்டால் அலறினாள். ஊரே ஓடியாடும் வாய்க்காலுக்குப் பக்கத்தில் பிறந்த பிள்ளை, ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காமல் ஆஸ்பத்திரியிலேயே உயிரை விட்டாள்.

அன்றைக்கே கலியபெருமாளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காயத்தைச் சுற்றிலும் ஊசி, கையில் ஊசி. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள்: "சின்னப் பிள்ளைங்களுக்கு இது சீக்கிரம் வந்துடும் ஐயா. அதுலயும் முகத்துல கடி. பெரியவங்களுக்கு, அதுவும் கால்ல கடிச்சா, நோய் வெளியே தெரிய நாளாகும். இனிமே போட்டு என்னன்னு நினைக்காதீங்க. நோய்க்கு முன்னால ஊசி ஓடிட்டா நீங்க தப்பிச்சீங்க. ஓடிடும்."

ஊசி ஓடிவிட்டது. ஆனால் டாக்டரம்மா சொன்னதில் ஒரே ஒரு சொல்தான் அவர் காதில் தங்கியது. நாளாகும். இன்னும் எத்தனை நாள்? கறுப்பு மேகம் கூடினால், "இடி இடிச்சா நாய்க்கடி விஷம் கிளம்பும்" என்பாள் எதிர்வீட்டு அம்சம். டீக்கடையில், "அண்ணனுக்கு டீயா, எலும்பா?" என்று சிரிப்பார்கள். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று. அந்தப் பிள்ளைக்கு முதலில் வந்ததால்தான் அவருக்குத் தெரிந்தது. அவள் முன்னால் ஓடிப்போய் விழுந்தாள். அதைப் பார்த்துத்தான் அவர் நின்றார். ஒரு குழந்தையின் சாவைத் தின்று உயிரோடு இருக்கிறோம் என்ற நினைப்பு சோற்றுக் கவளத்தோடு கவளமாக உள்ளே இறங்கியது. மதகுத் தகட்டில் தண்ணீர் கசியும் சத்தத்தில் அவருக்குக் கேட்டதெல்லாம் ஒரே குரல்தான். தாத்தா, தண்ணி வந்துடுச்சா?

வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டது.

"வந்துட்டா" என்று சௌந்தரநாயகி குரலைத் தாழ்த்தினாள்.

மோகனப்பிரியாதான். பிள்ளை போனதிலிருந்து வெள்ளி தவறாமல் வருவாள். நிலைப்படியில் நிற்பாள். "நல்லா இருக்கீங்களா மாமா?" என்பாள். அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விடுவாள். என் பிள்ளை போயிட்டா, நீ மட்டும் எப்படி இருக்கே என்று கேட்க வருகிறாள். என்றைக்குப் போவேன் என்று பார்க்க வருகிறாள். அவர் அப்படித்தான் நினைத்திருந்தார்.

இன்றைக்கு உள்ளே வந்தாள். மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, இருபத்தெட்டு வயதில் நாற்பதுபோல் இருந்தாள். ஸ்டூலில் இருந்த செம்பைப் பார்த்தாள்.

"மாமா, அந்தத் தண்ணியைக் குடிங்க."

"என்னம்மா?"

"என் கண்ணு முன்னால குடிங்க. நான் பார்க்கணும்."

சௌந்தரநாயகிக்குப் பொங்கிவிட்டது. "ஏண்டி, உனக்கு வயிறு எரியுதுங்கறதுக்காக எங்க வீட்டுல வந்து..."

"நீ இரு" என்றார் கலியபெருமாள்.

செம்பை எடுத்தார். உள்ளே வட்டமாக அவர் முகம் நடுங்கியது. இதோ இப்போதுதான் இறுகப் போகிறது, இதற்குத்தான் இத்தனை நாளும் காத்திருந்தது என்று நினைத்தார். கண்ணை மூடி வாயில் வைத்தார். ஒரு மிடறு போயிற்று. இன்னொரு மிடறு. பிறகு நிறுத்தவே முடியவில்லை. வெயிலில் வந்த மாட்டைப்போலக் குடித்து, செம்பைக் கவிழ்த்துக் காட்டினார்.

மோகனப்பிரியா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். "அப்ப எனக்கும் வராது. வராதுல்ல மாமா?"

"உனக்கா? உன்னை எங்கம்மா கடிச்சது?"

"அவளுக்கு அன்னிக்கு டம்ளர்ல தண்ணி குடுத்தேன். உதட்டுல பட்டதும் துப்பிட்டா. மிச்சத்தைக் கீழே ஊத்த மனசு வரலை மாமா. நானே குடிச்சிட்டேன். வாயோட வாய் வச்சு முத்தம் குடுத்தேன். வீட்டுல உள்ளவங்க எல்லாரும் ஊசி போட்டுக்கணும்னு சொன்னாங்க. சின்னவன் வசந்தகுமாருக்குப் போட்டேன். என் முறை வந்தப்ப வரிசையிலேருந்து வந்துட்டேன். எம்பொண்ணு போன இடத்துக்கே நானும் போயிடணும்னு."

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?"

"சிங்கப்பூர்ல இருக்கிறவர்கிட்ட போன்ல சொல்ற விஷயமா இது? பெரியவங்களுக்கு நாளாகும்னு டாக்டர் சொன்னதா ஊர்ல பேசிக்கிட்டாங்க. அதான் உங்களை வந்து வந்து பார்ப்பேன். நீங்க இருந்தா நானும் இருப்பேன்னு ஒரு கணக்கு. இப்பல்லாம் தண்ணி இறங்கும்போது தொண்டை அடைக்குது. பயமா, நோயான்னு தெரியலை." முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். "சின்னவன் இந்த வருஷம் பள்ளிக்கூடம் போறான். எனக்கு இப்பச் சாகப் பயமா இருக்கு மாமா. பொண்ணைச் சாகக் குடுத்துட்டு நான் இருக்க ஆசைப்படறேனேன்னு அதுவே வெக்கமா இருக்கு."

இருக்க வெட்கம். அந்த வெட்கத்தைத் தான் ஒருவன்தான் சுமப்பதாக அல்லவா அவர் நினைத்திருந்தார்! சௌந்தரநாயகி எப்போதோ அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தன் தோளில் சாய்த்திருந்தாள்.

"என்னைப் பார்த்துக் கணக்குப் போடாதே பிரியா" என்றார். "நான் ஊசி போட்டவன். நீ போடாதவ. எவ்வளவு நாளானாலும் நோய் வர்றதுக்கு முன்னால போட்டா போதும்னுதான் எனக்குச் சொன்னாங்க. உனக்கும் அதுதான். காலையில முதல் பஸ்ஸுக்குக் கிளம்பு. நானும் அத்தையும் கூட வர்றோம்."

அவள் நிமிர்ந்தாள். "நாளைக்கா? நாளைக்குப் புதுத் தண்ணி வருதே மாமா. நல்ல நாளும் அதுவுமா ஆஸ்பத்திரி..."

சொல்லி முடிக்கவில்லை. தன் வாயிலிருந்து வந்த வார்த்தையைத் தானே கேட்டுவிட்டு அப்படியே உறைந்தாள். மஞ்சள் அப்பிய ஒரு சின்ன உதடு மூன்று பேருக்கும் நடுவே வந்து நின்றதுபோல இருந்தது.

கலியபெருமாள் இடுப்பிலிருந்து மதகுச் சாவியை அவிழ்த்தார். "இதை அம்சம் புருஷன்கிட்ட குடுத்துடு, சௌந்தரம். எனக்கு உதவியா திருகினவன்தான், அவனுக்குத் தெரியும். நல்ல நாள்ங்கறதாலதான் போறோம்."

மோகனப்பிரியா எழுந்தாள். நிலைப்படியில் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவை அவர் தொண்டையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். "முதல் பஸ்தானே மாமா?"

"முதல் பஸ். நான் வந்து கதவைத் தட்டுவேன்."

தெருவில் அவள் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. வாய்க்கால் பக்கமிருந்து இன்னும் வராத தண்ணீரின் ஈரமணம் வந்தது. கூடவே, தாத்தா, வந்துடுச்சா என்று யாரோ கேட்டதுபோல இருந்தது.

"நாளைக்கு வந்துடும், கண்ணு" என்று இருட்டிக்கொண்டு வந்த தெருவைப் பார்த்து மெல்லச் சொன்னார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார்.