இல்லை என்று சொல்லாத பக்கம்

நான்காய் மடித்த ஒரு காகிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட். அதில் இருப்பது இவ்வளவுதான்: ‘உங்கள் வேண்டுகோள் வந்து சேர்ந்தது. விரைவில் ஆள் வருவார்.’ அதை எழுதிய மகா புத்திசாலி நான்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. திருவண்ணாமலையில் ஒரு பாத்திரக்கடைக்கு மாடியில் எங்கள் ஆபீஸ். லாட்ஜ்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது பிழைப்பு. ரத்தம் கொடுக்க ஆள் தேடித் தரும் சைட் மட்டும் இலவசம். அதைக் கட்டியவர் எங்கள் டீம் லீடர். என்னைவிட இரண்டு வயது சின்னவர், ஆனாலும் எல்லோருக்கும் மேடம். மொத்தம் இரண்டு மெஷின். முன்னால் இருந்த வெப் சர்வர் எல்லாக் கோரிக்கைகளையும் வாங்கும். படம், முகவரி போன்றவற்றைத் தானே கொடுத்துவிடும். ரத்தம் வேண்டும் என்று வந்தால் பின்னால் இருந்த அப்ளிகேஷன் சர்வருக்குத் தள்ளும். அதுதான் பொருத்தமான ஆட்களைத் தேடி மெசேஜ் அனுப்பும். எது எங்கே போக வேண்டும் என்ற விதிகளையெல்லாம் மேடம் எழுதினார். பின்னால் இருப்பது பதில் தராவிட்டால் முன்னால் இருப்பது காட்ட வேண்டிய பக்கத்தை மட்டும் என்னிடம் விட்டார்.

“வேலை செய்யலன்னு பச்சையா போட்டுடுங்க” என்றார். எனக்கு மனசு வரவில்லை. நான் மளிகைக்கடைக்காரர் மகன். அரிசி தீர்ந்தாலும் எங்கப்பா வாயில் ‘இல்லை’ வராது. “நாளைக்கு வந்துடுங்க, எடுத்து வெக்கிறேன்” என்பார். அந்த லட்சணத்தில்தான் நானும் இந்த இரண்டு வரியை எழுதினேன். மேடம் படித்துவிட்டு முறைத்தார். “பின்னாடி இருக்கற மெஷின் நின்னாதானே மேடம் இது தெரியப் போவுது, விடுங்க” என்று சிரித்தேன்.

ஆயுத பூஜை வந்தது. மேடம் சொந்த ஊரான கீழ்பென்னாத்தூருக்குப் போயிருந்தார். முதலாளி ஒரு மெஷினையாவது பூஜையில் வைத்தே ஆக வேண்டும் என்றார். “முன்னாடி இருக்கறது ஓடட்டும், பின்னாடி இருக்கறத நிறுத்துங்க. பூஜையில வெச்சத காலையிலதான் எடுக்கணும்.” நான்தான் அணைத்தேன். குங்குமம் வைத்து, சாமந்திச் சரமும் போட்டேன். சுண்டல் தின்றுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

சில வாரம் கழித்து மொட்டைத் தலையோடு ஒருவர் மாடியேறி வந்தார். விவசாயி. சண்டைக்கு வரவில்லை. இந்தக் காகிதத்தை நீட்டி, “பூஜை அன்னைக்கு என் சம்சாரத்துக்கு ரத்தம் கேட்டிருந்தேங்க. பிரசவம். விடியறதுக்குள்ள போயிட்டா. அனுப்புன ஆளு யாருங்க? நான் டீ குடிக்க ஒரு அஞ்சு நிமிஷம் நகர்ந்தேன். அப்ப வந்து, என்னக் காணோம்னு திரும்பிப் போயிட்டாரோ? அது மட்டும் தெரிஞ்சா போதுங்க” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடப்பாவி, அந்த மனுஷன் ஒரு டீயை நினைத்து நினைத்து இத்தனை நாள் செத்துக்கொண்டிருந்திருக்கிறான்! மேடம் எழுந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

“யாரும் வரலைங்க. மெஷின நிறுத்தி வெச்சிருந்தோம். நீங்க கேட்டது எங்களுக்கு வரவே இல்ல. வந்துச்சுன்னு போட்டது எங்க தப்பு. உங்க மேல ஒண்ணும் இல்லைங்க.”

அவர் மேடத்தின் பக்கம் திரும்பினார். “இல்லன்னு போட்டிருந்தா வேலூருக்கு ஓடியிருப்பேனே மேடம்” என்றார். காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மேடம் அன்றைக்கே பக்கத்தை மாற்றினார்: ‘இப்போது வேலை செய்யவில்லை. காத்திருக்காதீர்கள்.’ என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இன்று எதைக் கேட்டாலும் செல்போன் ‘பெற்றுக்கொண்டோம்’ என்கிறது. ஒவ்வொரு தடவையும் என் கை அந்த இழுப்பறைக்குப் போகிறது.

காகிதத்தின் பின்பக்கத்தை அவர் போன பிறகுதான் திருப்பிப் பார்த்தேன். வருகிற ஆள் அடையாளம் கண்டுகொள்ள அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வாசலில் அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். பேனாவால் மேலே மேலே இழுத்துத் தடித்த எழுத்தில், ‘ரத்தம் குடுக்க வந்தவரே, நான் இங்க நிக்கிறேன்.’