பக்கம் ஒன்று, காலி

கூன்வோருக்கு எழுத்தைத் தடிமனாக்குவதில் ஒரு மோகம். நார்வேயில் ஒரு சின்ன ஆற்றோர ஊர். அதன் நகராட்சி அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக அறிக்கை தயாரிப்பவள். தலைப்பு என்றால் அவளுக்குப் பெரிய எழுத்து, தடி எழுத்து, கீழே ஒரு கோடு. பார்க்க லட்சணமாக இருக்கும். பார்க்க முடியாதவர்களை அங்கே ஒருவரும் நினைத்துப் பார்த்ததில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

நினைக்க வைத்தவர் எயிலர்ட். மர அறுவை ஆலையில் வேலை பார்த்தவர், சர்க்கரை வியாதியில் பார்வையைப் பறிகொடுத்துவிட்டு ஆற்றங்கரை வீட்டில் தனியாக இருந்தார். கணினி வாசிக்க, காதால் படிப்பார். அறிக்கை வெளிவந்த அன்றே தவறாமல் போன் செய்வார்.

"மகராசி, நாப்பது பக்கம். என் தெருவைக் கண்டுபிடிக்க முப்பத்தொம்பது பக்கம் கேட்டேன். நீங்க தடிமனாக்கினா எனக்கு எப்படித் தெரியும்? இதுதான் தலைப்புன்னு கணினிகிட்ட சொல்லுங்க. அப்புறம் ஒரே விசையைத் தட்டித் தட்டி நான் தாவிப் போயிடுவேன்."

இரண்டு வருஷம் முறுக்கிக்கொண்டுதான் இருந்தாள். பிறகு கற்றுக்கொண்டாள். எழுத்தை ஊத வைக்காமல், ஸ்டைல் பட்டியலில் 'தலைப்பு ஒன்று', 'தலைப்பு இரண்டு' என்று தேர்ந்தெடுத்தால் போதும், பி.டி.எஃப். ஆக்கும்போது அந்த அடையாளமும் கூடவே போகும். எயிலர்ட்டுக்கு ஒரே சந்தோஷம். "இனிமே எங்கிட்டேருந்து போன் வரலேன்னா ஒழுங்கா வந்துச்சுன்னு அர்த்தம்" என்றார். அந்த வார்த்தையை அவள் பதக்கம் மாதிரி வைத்துக்கொண்டாள்.

நவம்பரில் ஆறு நாள் மழை விடவில்லை. ஆற்றுக்கு மேலே இருக்கும் மேடு முழுக்கக் களிமண். அசையும்வரை பாறை, அசைந்துவிட்டால் கஞ்சி. ஏழாம் நாள் காலை மேட்டின் உச்சியில் வெடிப்பு தெரிந்தது. பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்து, ஆற்றங்கரையை இன்றைக்கே காலி செய்யச் சொன்னார்கள்.

மதியத்துக்குள் அறிக்கை போக வேண்டும். ஆற்றங்கரைக்காரர்கள் நான்கு மணிக்குள் கிளம்ப வேண்டும். தெற்குப் பாலம் விரிசல் விட்டதால் வடக்குப் பாலம் வழியாக மட்டுமே. கூன்வோர் அழகாகச் செய்தாள். 'ஆற்றங்கரை' என்று பெரிய தலைப்பு, அதன்கீழ் 'எந்தப் பாலம்' என்று சின்னத் தலைப்பு. இரண்டு தட்டில் எயிலர்ட் போய்ச் சேர்ந்துவிடுவார்.

ஆனால் அந்த அலுவலகத்தில் தலைவர் தோர்கெய்ரின் நீல மைக் கையெழுத்து இல்லாத காகிதம் காகிதமே இல்லை. அவள் அச்செடுத்தாள், கையெழுத்து வாங்கினாள், ஸ்கேன் செய்தாள், அதில் வந்த பி.டி.எஃப்.பை ஊருக்கெல்லாம் மின்னஞ்சலில் அனுப்பினாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். ஸ்கேனர் எடுப்பது புகைப்படம். அதில் தலைப்பும் கிடையாது, எழுத்தும் கிடையாது. இது அவளுக்குத் தெரியாததல்ல. கற்றுக்கொண்டதிலிருந்து ஸ்கேனைக் கோப்பில் போட்டுவிட்டு, கணினியில் ஆக்கிய பி.டி.எஃப்.பைத்தான் அனுப்பி வந்தாள்; அன்றைக்குப் பழைய கை முந்திக்கொண்டது.

அனுப்பியதும் ஊரே போன் செய்தது. எயிலர்ட் செய்யவில்லை. அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது. தோர்கெய்ரிடமும் சொன்னாள். "அந்த மனுஷன் வாயையே அடைச்சுட்டியே" என்று அவர் சிரித்தார்.

மூன்று மணிக்கே வெளியே மங்கிவிட்டது. போன் ஓய்ந்ததும், தன் வேலையைத் தானே கேட்டு ரசிக்கலாம் என்று ஹெட்போனைக் காதில் மாட்டி, அறிக்கையைக் கணினியை வாசிக்க விட்டாள்.

"பக்கம் ஒன்று. காலி. பக்கம் இரண்டு. காலி."

விசையை மறுபடி தட்டினாள். காலி. எயிலர்ட்டின் எண்ணை அழுத்தினாள், மணியே அடிக்கவில்லை. கோட்டைக்கூடப் போடாமல் காரை எடுத்தாள்.

வடக்குப் பாலத்தில் தடுப்பு. போலீஸ்காரர் அஸ்லாக் குனிந்து, யாரும் போகக்கூடாது என்றார். "எல்லாரும் கிளம்பியாச்சு. மதியம் உங்க அறிக்கை வந்த கொஞ்ச நேரத்துல கம்பிமேல மரம் விழுந்துச்சு, அப்போலேர்ந்து இந்தப் பக்கம் போன் இல்ல. அதனாலதான் நானே தெரு முழுக்க ஓட்டிப் பார்த்தேன். ஒரு வீட்லயும் விளக்கு எரியல."

"எயிலர்ட்டுக்கு விளக்கு எதுக்கு?" என்றாள் கூன்வோர்.

அஸ்லாக் சட்டென்று நிமிர்ந்தார். தடுப்பைத் தூக்கிவிட்டு அவள் காரில் ஏறிக்கொண்டார்.

கதவு பூட்டியிருக்கவில்லை. இருட்டறையில் எயிலர்ட் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். கோட்டு, பூட்ஸ், மடியில் பை. ஒரு விரல் இன்னும் அந்த விசைமேல் இருந்தது. அக்கம்பக்கத்துக் கார்கள் ஒவ்வொன்றாகப் போனதைக் கேட்டிருக்கிறார். வேறு யாரோ அவரை ஏற்றிக்கொண்டார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிட்டார்கள்.

அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் திட்டவில்லை.

"எந்தப் பாலம்?" என்று மட்டும் கேட்டார்.

"வடக்கு" என்றாள் கூன்வோர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. வெளியே மேட்டிலிருந்து ஈரத் துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் கிளம்பி, நிற்காமல் நீண்டது.