குளம்பை முகர்ந்து பார்த்தவர்

வத்தேகமவில் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது தொலைபேசி அடித்தது. பாக்கியம் அக்காவின் மகள். "அம்மா காலையில எந்திரிக்கலைங்க" என்றார். ஷட்டரை இறக்கிவிட்டு மடுல்கெல்ல பஸ்ஸைப் பிடித்தேன்.

அக்கா குடியிருந்த தோட்ட லயத்து வாசலில் முதலில் கண்ணில் பட்டது ஒரு மலர்வளையம். ஆள் உயரம் இருக்கும். நடுவில் பொன்னெழுத்தில் ஒரு குதிரை லாயத்தின் பெயர். அதன் மேனேஜர் வெள்ளைச் சட்டையில் நின்று, அக்கா தங்கள் குடும்பத்தில் ஒருவர் என்று பேசிக்கொண்டிருந்தார். கூட வந்தவர் அதைப் படம் பிடித்தார். அக்காவை வேலையிலிருந்து துரத்தியவர் அந்த மனிதர். துரத்தக் காரணமாக இருந்தவன் நான். அப்படியிருந்தும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைக் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு, கண்டிக்கு அருகிலுள்ள அந்த லாயத்தில் சாணி அள்ளப் போனவர் அவர். பன்னிரண்டு வருடம் அங்கே வேலை செய்தார். ஒருநாள்கூடக் குதிரை மேல் ஏறியதில்லை. ஆனால் ஒரு குதிரை நடந்து வரும் சத்தத்தை வைத்தே எந்தக் காலில் நோவு என்று சொல்லிவிடுவார்.

ஐம்பது வயதில் எனக்குக் குதிரை ஆசை வந்தது. சைக்கிள் ஓட்டத் தெரியாத மனிதருக்குக் குதிரை கேட்கிறதா என்று என் மனைவி கேட்டாள். நான் விடவில்லை. மாட்டுக்குச் சுழி பார்க்கும் மாமாவைக் கூட்டிக்கொண்டு லாயத்துக்குப் போனேன். மாமா குதிரையை மூன்று தரம் சுற்றி வந்தார். நெற்றிச் சுழி நல்லது, கழுத்துச் சுழி அதைவிட நல்லது என்றார். வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் குறித்தோம். மேனேஜர் தேநீர் கொடுத்தார். கோயில் திருவிழாவுக்கே தன் குதிரைதான் போகிறது என்றார். சேணங்கள் பளபளத்தன. முன்பக்கமெல்லாம் சாம்பிராணி மணந்தது. அதைத் தெய்வபக்தி என்று நினைத்தேன்.

வெளியே வரும்போது தண்ணீர்க் குழாயடியில் அக்கா நின்றிருந்தார்.

"முதலாளி, சுழியப் பாத்தீங்க. குளம்பத் தூக்கிப் பாத்தீங்களா?" என்று மெல்லிய குரலில் கேட்டார். "வெள்ளிக்கிழம வர்றேன்னு சொல்லிட்டு வராதீங்க. நாளைக்கே சொல்லாம வாங்க. பின்பக்கமா வாங்க."

நான் போகவில்லை. நல்ல நேரம் தவறிவிடும் என்ற பயம் ஒன்று. சாணிக் கையோடு நின்ற ஒரு பெண் எனக்குப் புத்தி சொல்வதா என்ற திமிர் இன்னொன்று. வெள்ளிக்கிழமை குதிரையை வாங்கி, பராமரிப்புக்கு அதே லாயத்தில் விட்டேன். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது என்பார்கள். எனக்கு உயிருள்ள குதிரையே போதுமானதாக இருந்தது.

நாலாம் நாள் அது முன்னங்காலை நொண்டியது. புது ஆளைச் சுமந்தால் அப்படித்தான் என்றார் மேனேஜர். அக்கா வேறு சொன்னார். விற்ற அன்று வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டிருந்தார்களாம். நான் வராத நாட்களில் அந்தக் காலோடேயே அது சுற்றுலாக்காரரைச் சுமந்து மலையேறுகிறதாம்.

அன்றுதான் முதல் தடவையாகப் பின்பக்கம் போனேன். மூத்திரமும் சாணியும் கலந்த சேற்றில் குதிரைகள் நின்றன. கண் எரிந்தது. ஒன்றின் முதுகில் போர்த்தியிருந்த சாக்கு, புண்ணோடு ஒட்டிக் காய்ந்து கிடந்தது. அதைச் சுற்றி ஈ. சாம்பிராணி எதற்கென்று அப்போது புரிந்தது. அக்கா என் குதிரையின் காலைத் தூக்கி, குளம்பில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி, முகர்ந்து பாருங்கள் என்றார். அழுகல் நாற்றம். சாக்கடை ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு மேனேஜரின் அறைக்குப் போய்க் கத்தினேன். அவர் கதிரையிலிருந்து எழும்பவே இல்லை.

"யாரு சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.

"பாக்கியந்தான் சொன்னா."

என் கண்ணால் பார்த்ததை, என் மூக்கால் முகர்ந்ததைச் சொல்லியிருக்கலாம். அதுவே போதும். ஆனால் நான் அக்காவின் பெயரைக் கொடுத்தேன். அன்று மாலையே அக்காவைப் பையோடு வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தக் குளம்பின் நாற்றத்தைவிட என் வாய் எனக்கு நாறியது.

அடுத்த ஞாயிறு அக்கா என் கடைக்கு வந்தார். கதிரையை நகர்த்திக் கொடுத்தேன். உட்காரவில்லை.

"நீங்க பாத்ததச் சொல்லியிருக்கலாமே தம்பி. எம் பேரு எதுக்கு?" என்றார். பிறகு, "சரி, அந்த வாயில்லா சீவன எப்ப வெளிய எடுக்குறீங்க?" என்று கேட்டார்.

முதலாளி தம்பியானது அன்றுதான். எனக்கு அந்தத் தகுதி இருந்ததாக நான் நினைக்கவில்லை.

மடவளையில் ஒரு முஸ்லிம் நானா இரண்டு மட்டக்குதிரைகள் வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டோம். அக்கா யாருக்கும் சொல்லாமல், மழை பெய்த ஒரு மத்தியானத்தில் அங்கே போனார். பின்பக்கம் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தொட்டித் தண்ணீரை அள்ளி முகர்ந்தார். வைக்கோலுக்குள் கைவிட்டு ஈரம் பார்த்தார். யார் இந்த மனுஷி என்று நானா திகைத்துப் போனாராம்.

"தீனி போடுற ஆளு கிட்ட வரும்போது குதிர காத மடக்குதான்னு பாக்கணும். இங்க மடக்கல" என்று என்னிடம் வந்து சொன்னார்.

குதிரையை அவரே கயிறு பிடித்து நடத்திப் போனார். புல் இருக்கும் ஓரமாகவே போனதால் மடவளைக்கு அரைநாள் பிடித்தது. நானா அவரையே வேலைக்கு வைத்துக்கொண்டார். நாலு மாதம் தினமும் குளம்பைக் கழுவி, துடைத்து, காயவிட்டு, முகர்ந்து பார்த்தார். நான் ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன். "அது கெடக்கட்டும், அந்த வாளியக் கழுவுங்க" என்றார். கழுவினேன். போன வாரம் வரை ஞாயிறுதோறும் கழுவினேன்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது மேனேஜர் என் தோளில் கை போட்டு, குதிரை சுகமா என்று விசாரித்தார். கருமாதிக்கும் வருவாராம். அந்தக் கையை உதறிவிட்டு நேரே மடவளைக்குப் போனேன். குதிரை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது. முன்னங்காலைத் தூக்கி, அக்கா செய்வது போலவே குளம்பை முகர்ந்தேன். மண் வாசம் மட்டும்தான் இருந்தது.

இந்தக் கட்டுரையைக் கருமாதியன்று அந்த மேனேஜர் முன்னால் வாசிக்கப் போகிறேன். யார் சொன்னது என்று கேட்டால், இந்த முறை என் பெயரைச் சொல்வேன். நீங்கள் போய் வாருங்கள், அக்கா.