பத்து வரிசை விளக்கு

வைண்டிங் அக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. எரிந்துபோன மோட்டார் எதைக் கொடுத்தாலும் பிரித்து, புதுச் செப்புக் கம்பி சுற்றி ஓடவைத்துவிடுவாள். ஆனால் பண்டிகை விடுமுறைக்கு வீட்டு முன்சுவரில் எரிகிற எல்.இ.டி. விளக்குகள் அவள் செய்தவை என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. மூன்று வருஷமாக அவள் அண்ணன்தான் வாசலில் நின்று பாராட்டை வாங்கிக்கொள்கிறான். "நம்ம கைவேலைதான்" என்பான். நம்ம கைவேலையாம், நம்ம! ஏணியில் இரண்டு படி ஏறினாலே கால் உதறுகிற ஆள்.

இந்த வருஷம் விடுவதில்லை என்று அவள் கறுவிக்கொண்டிருந்தாள். தரையிலிருந்து கூரைவரை பத்து வரிசை. ஒன்று அணைந்தாலும் மற்றது எரியும்படி, ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து தனி ஒயர். தினமும் வேலை முடிந்து வந்து, ஒரு மாசம் உட்கார்ந்து இணைப்புகளை ஈயத்தால் பற்றவைத்தாள். சுவரில் மாட்டி, ஏணியில் ஏறி, மேல் நான்கு வரிசையின் இணைப்புகளை ஈரம் புகாதபடி மோட்டாருக்குப் பூசுகிற வார்னிஷால் மூடினாள். பொழுது சாய்ந்துவிட்டதால் மீதியை நாளைக்கு வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் கடையிலிருந்து திரும்புவதற்குள் அண்ணன் உதவி செய்து முடித்திருந்தான். யார் கேட்டது? குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டுவது அவன் தொழில். கையில் கிடைத்த சிலிக்கான் பசையை, மீதியிருந்த இணைப்புகளில் எல்லாம் பிதுக்கி அப்பியிருந்தான். வினிகர் வாடை மூக்கைத் துளைத்தது.

"என்னண்ணே இது? இதுல இருக்கற ஆசிட் செம்பை அரிச்சுடுமே!"

"இத்தனை வருஷமா பூசறேன், எந்த டைல்ஸ் அரிச்சுது? சும்மா கத்தாத."

சுரண்டி எடுக்கப் போனவளை அம்மா தடுத்தாள். "ஆசையா செஞ்சிருக்கான். விடேன்டி."

விட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

விடுமுறைக்கு முந்தின வாரம் போட்டுப் பார்த்தபோது எரியத்தான் எரிந்தது. விடுமுறையின் முதல் சாயங்காலம், தெருவே கூடி நிற்க, சுவிட்சைப் போட்டாள். கீழ் வரிசைகள் சிமிட்டின, மங்கின, ஒவ்வொன்றாக அவிந்தன. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"என்னப்பா, இந்தத் தடவை சொதப்பிட்டியா?" என்றார் எதிர்வீட்டு கண்டக்டர்.

"நான் எங்க செஞ்சேன்? எல்லாம் இவ வேலை" என்றான் அண்ணன்.

மூன்று வருஷமாக அவள் காத்துக்கிடந்த வார்த்தை! அதை இப்போதா சொல்ல வேண்டும்? அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"ஆமா, நான்தான் செஞ்சேன்" என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. "அண்ணே, சுவரோட ஒட்டி நில்லு. கையத் தூக்கு."

"எதுக்கு?"

"தூக்குண்ணே."

அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியாமல் போய் நின்று தூக்கினான். விரல் நுனி கீழிருந்து ஆறாவது வரிசையைத் தொட்டது. அதுவரைக்கும் இருட்டு. அதற்கு மேலே நான்கு வரிசையும் பளிச்சென்று எரிந்தன.

"ஏணி ஏறி நான் மூடினது மேல நாலு. கீழ பசை அப்பினது இந்தக் கை."

கண்டக்டர் கையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அண்ணன் மெல்லக் கையை இறக்கப் பார்த்தான்.

"இறக்காதண்ணே" என்றாள். "எல்லாரும் நல்லா பாக்கட்டும்."