திருவிழா வளைவுக்குப் போன தேயிலை நிழல்

பெப்ரவரியில் நான் லுணுகலைக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. "அண்ணே, தேயிலக் கன்னெல்லாம் வெளுத்துப்போச்சு. நோயாம். இவரு பிடுங்கிட்டு மெளகு போடப் போறாராம்" என்று தங்கை மேரி போனில் அழுதாள். டிசம்பர் மழையில் அவளே குழி வெட்டி நட்ட தேயிலை.

பதுளையில் காலை ஏழு மணி பஸ். பசறை தாண்டி வளைவுகள் அதிகம்; வயிறு புரட்டுபவர்கள் முன்னால் உட்காருங்கள். லுணுகலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் ஏற்றத்துக்கு ஆட்டோ பிடித்தேன். போகிற காரியத்தையும், வெயில்தான் காரணமாயிருக்கும் என்பதையும் சொன்னதும் ஓட்டுநர் சிரித்தார். "வெயிலு எலையக் கெடுக்குமா? வெயிலு இல்லாட்டி எலையே இல்லீங்களே ஐயா!"

இந்தச் சிரிப்பு எனக்குப் பழகியது. பள்ளிக்கூடம் முடிக்காதவன் படித்துச் சொன்னால் யாருக்கும் ஏறாது. ஆகவே எழுதியே வைக்கிறேன். வெளிச்சத்தைக் கொண்டு உணவாக்கும் நுண்ணிய பொறிகள் இலைக்குள் இருக்கின்றன. அதே வெளிச்சம் அவற்றை உடைக்கவும் செய்கிறது. இலை ஓயாமல் பழுது பார்த்துக்கொள்கிறது. நிழலில் வளர்ந்த கன்றைத் திடீரென்று வெயிலில் விட்டால், பழுது பார்ப்பதை உடைவது முந்திவிடுகிறது. பச்சை வெளிறுகிறது.

இளங்கன்றுக்குப் பக்கத்தில் நிழலுக்காகப் பன்னம் என்கிற பெரணித் தழையை ஊன்றுவது வழக்கம். மேரியின் நிலத்தில் ஒரு தழைகூட இல்லை.

"தழை எங்க?"

மேரி கோயில் பக்கம் பார்த்தாள். லூர்து மாதா திருவிழா வளைவு முழுக்கப் பன்னம்.

"மாதாவுக்குக் குடுத்தது மச்சான். அவங்க மேல பழி போடாதீங்க" என்றார் அவள் கணவர் யோசேப்பு.

"மாதாவா கேட்டாங்க? நீதானே பிடுங்கிக் குடுத்த மாப்ள!"

வெளிறிய இலையின் மேல் படிந்திருந்த இன்னோர் இலையை விலக்கிக் காட்டினேன். அது மறைத்திருந்த இடம் மட்டும், அதே வடிவத்தில், பச்சையாக இருந்தது.

"நோயின்னா நெழலு பாத்தா விட்டுவைக்கும்? கொழுந்து உசிரோட இருக்கு. பிடுங்காத."

யோசேப்பு நெடுநேரம் குனிந்து பார்த்தார். "அடுத்த மழ வரைக்கும்தான்" என்றார். நான் சொன்னது சரி என்று மட்டும் சொல்லவில்லை.

வளைவை ஞாயிற்றுக்கிழமைதான் கழற்றுவோம் என்றது கோயில் கமிட்டி. திருவிழாதான் முடிந்துவிட்டதே? ஏணியை நானே சாத்தினேன். கமிட்டிக்காரர்கள் திட்டத் திட்ட, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் யோசேப்பு. காய்ந்த தழையும் நிழல் தரும்; மாலைக்குள் ஊன்றி முடித்தோம்.

வெளிறிய இலைகள் தேறவில்லை, உதிர்ந்துவிட்டன. மழைக்குப் பிறகு மேரி பேசினாள். புதுக் கொழுந்து விட்டிருக்கிறதாம். மிளகு வேலியோரத்துக்குப் போய்விட்டதாம். அடுத்த திருவிழா வளைவுக்குக் கலர் பேப்பர் போதும் என்று யோசேப்பு கமிட்டியில் சொன்னாராம். என் பெயரைச் சொன்னாரா என்று கேட்டேன். இல்லையாம்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. இளந்தேயிலைக்குப் பக்கத்தில் காய்ந்த தழை குத்தி நிற்கும். படத்தில் அசிங்கமாக விழுகிறது என்று பிடுங்கி எறியாதீர்கள். நீங்கள் தொப்பி போட்டுக்கொண்டுதானே நிற்கிறீர்கள்?