சொல்லாமல் போய்ப் பார்த்த கல்லூரி

இடம் தந்தாயிற்று என்று சொன்ன கல்லூரி, பிள்ளையை இன்னொரு தரம் கூப்பிட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கச்சியின் மகளை. எனக்குப் பெறாமகள். நான் கலியாணம் கட்டவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் தங்கச்சி குடும்பத்தோடுதான் இருக்கிறேன். தங்கச்சியின் புருஷன் பெரிய லொறி ஓட்டுகிறவர். மேற்குப் பக்கம் போனால் திரும்பி வர நாளாகும். எதைக் கேட்டாலும் "நீங்கள் பாத்துச் செய்யுங்கோ" என்று ரெலிபோனில் சொல்லிவிடுவார். தங்கச்சிக்கு வயோதிபர் இல்லத்தில் வேலை. ஆகவே பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரும்போது வீட்டில் இருப்பது நான்தான். பிரெஞ்சில் வருகிற கடிதங்களை அவள்தான் எனக்கு வாசித்துச் சொல்வாள். டொக்டரிடம் கூட்டிப்போவாள். நான் சொல்ல வெட்கப்படுகிற நோய் வருத்தங்களையும் அவளே டொக்டருக்குச் சொல்லிவிடுவாள்.

அவளுக்கு இரண்டு இடத்தில் படிக்க இடம் கிடைத்தது. ஒன்று மொன்றியலிலேயே, கணக்கு வழக்குப் படிப்பு, மெற்றோவில் போய் வரலாம். மற்றது ஆற்றோரமாகக் கிழக்கே நெடுந்தூரம் போகவேண்டிய ஓர் ஊரில். ஆடு மாடு, நாய் பூனைக்கு வைத்தியம் செய்கிறவர்களுக்குத் துணையாக நிற்கிற படிப்பாம். விடுதியில்தான் தங்கவேண்டும். அவளுக்கு விருப்பம் அதிலே. எங்கள் வீட்டில் ஒரு பூனைகூட இருந்ததில்லை.

இந்தத் தூரத்துக் கல்லூரிதான் கூப்பிட்டது. இடம் கிடைத்த பிள்ளைகள் வீட்டுக்காரரோடு வந்து பார்ப்பதற்கென்றே ஒரு நாள் வைத்திருக்கிறார்களாம். பிள்ளை சாப்பாட்டு மேசையில் இருந்து அதைச் சொன்னாள்.

"பஸ்ஸும் அவைதான் விடுகினம் பெரியம்மா. காசு இல்லை. மத்தியானம் சாப்பாடு. போடுறதுக்கு ஒரு ரீசேட்டும் தருவினம்."

"கட்டாயம் போகவேணுமோ?"

"இல்லை. விருப்பம் எண்டாப் போகலாம்."

"கட்டாயம் இல்லாததுக்கு ஏன் பஸ் விடுகினம்?"

அவள் சிரித்தாள். "நாங்கள் வேறை இடத்துக்குப் போயிடுவம் எண்டுதான்."

"அப்ப அவைக்குப் படிக்க வர ஆள் காணாது."

"ஐயோ பெரியம்மா!"

அடுப்படியில் நின்ற தங்கச்சியும் என் பக்கம்தான். "ஆள் காணாத இடத்திலதான் சோறு போட்டுக் கூப்பிடுவினம். மாட்டுக்கு ஊசி போடப் பழகிறதுக்கு ஊர் விட்டு ஊர் போய்க் கிடக்கவேணுமோ? ஒருத்தரும் அங்கை போகத் தேவையில்லை" என்றாள்.

பிள்ளை சண்டை பிடிக்கவில்லை. வழக்கத்தில் கதவை அடித்துச் சாத்துகிறவள், பேசாமல் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்தவள் நேரே என் அறைக்கு வந்து கட்டில் கால்மாட்டில் இருந்தாள்.

"நீங்கள் வாறன் எண்டு சொன்னா அம்மா விடுவா. போய்ப் பாத்துப் பிடிக்கேல்லை எண்டா நான் இஞ்சையே படிக்கிறன், சத்தியமா. பாக்காமல் மட்டும் வேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு கல்லூரி வாசலிலும் கால் வைத்ததில்லை. கலியாண வீட்டுக்குப் போனாலே தங்கச்சியின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவள். என்னை ஏன் கூப்பிடுகிறாள்? பெரியம்மா ஒன்றும் கேட்கமாட்டா, காட்டினதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வருவா என்று நினைத்தாளோ? "யோசிச்சுப் பேந்து சொல்லுறன்" என்றேன்.

நாள் சொல்லிக் கூப்பிடுகிறவர்களை நான் நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு ஒருமுறை சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நாள் குறித்து எங்கள் ஐயாவைக் கூப்பிட்டார்கள். வெள்ளையடித்த சுவர், விறாந்தை நிறையக் கதிரை, பலகாரம் என்று ஐயா வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். ஐயாவின் தமக்கை, எங்கள் மாமி, விடவில்லை. "கூப்பிட்ட நாளிலை போய்ப் பாத்தால் என்ன தெரியும்? கூப்பிடாத நாளிலை எல்லோ போகவேணும்" என்று சொல்லிவிட்டு, ஒரு மத்தியானம் தானே அந்த ஒழுங்கையால் போனாள். தண்ணீர் விடாய் என்று படலையைத் திறந்து உள்ளே போனால் விறாந்தையில் ஒரு கதிரை இல்லையாம். ஐயா கண்டதெல்லாம் கோயில் மண்டபத்தில் இரவல் வாங்கின கதிரைகள், அடியில் கோயில் பேர் எழுதினவை. அந்தப் பேச்சு அதோடு நின்றது. பிறகு நாடு கெட்ட கேட்டில் வேறு பேச்சும் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் இப்படி விசாரிப்பது புதிதல்ல. தண்ணீர் கேட்டு வருகிற ஆளை வாசலில் நிற்பாட்ட ஒருத்தருக்கும் மனம் வராது. அடுப்படி வரைக்கும் பார்த்துவிட்டு வரலாம்.

தவக்காலத்தில் எங்கள் கோயில் பங்குத் தமிழ்ச் சனம் ஒரு பஸ் பிடித்து ஆற்றோரத்து மாதா கோயிலுக்கு யாத்திரை போவது வழக்கம். அந்தக் கோயிலும் இந்தக் கல்லூரியும் ஒரே ஊரில். "மாதாவுக்குப் பக்கத்திலைதான், பயப்பிடாதேங்கோ" என்று பிள்ளை முதலே எனக்குச் சொல்லியிருந்தாள். மாதாவை ஏன் இதற்குள் இழுக்கிறாள் என்று அப்போதே நினைத்தேன்.

கல்லூரி கூப்பிட்ட நாளுக்கு முன்னதாகவே யாத்திரை வந்தது. பிள்ளைக்குப் பரீட்சை. நானும் தங்கச்சியும் போனோம். ஆள் தவறாமல் இருக்க எல்லாருக்கும் கோட்டில் ஊதா ரிபன் குத்திவிட்டார்கள். கோயிலில் பூசை முடிந்து, வெளியே சிலுவைப்பாதை தொடங்க ஆயத்தமான நேரம் தங்கச்சி, "நான் மெழுகுதிரி வாங்கிக்கொண்டு வாறன்" என்று கடைப் பக்கம் போனாள். நான் பக்கத்தில் நின்ற மனிசியிடம் கழிப்பறைக்குப் போய்வருவதாகச் சொன்னேன். தவக்காலத்தில் பொய். மாதாவைத் திரும்பிப் பார்க்காமல் தெருவுக்கு இறங்கினேன்.

நேர் தெருதான். கரைந்த பனி சப்பாத்துக்குள் வந்தது. தனியே அறியாத ஊரில் நடப்பது எனக்குப் பெரிய காரியம். எதிரே வந்த கிழவர் "பொன்ஜூர்" என்று வணக்கம் சொன்னதற்கே தெருவோரம் ஒதுங்கினேன். கல்லூரி என்று பெரிய எழுத்தில் பலகை தெரிந்தது. பக்கத்தில் சிவப்புக் கல்லில் விடுதி. முன்னால் பஸ் தரிப்பின் கண்ணாடிக் கூண்டுக்குள் யாரோ ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு விடுதியை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோட்டில் ஊதா ரிபன்.

"நீ மெழுகுதிரி வாங்கப் போனனியோ?" என்றேன்.

தங்கச்சி துள்ளி விழுந்தாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கள் ஏனக்கா இஞ்சை?"

"ஒருத்தரும் அங்கை போகத் தேவையில்லை எண்டு சொன்னது ஆர்?"

"அவை கூப்பிட்ட நாளிலை எண்டுதான் சொன்னனான். மாமி சொல்லுறதை நீங்கள் மறந்தாலும் நான் மறக்கேல்லை."

இரண்டு பேருமாக விடுதிக் கதவடிக்குப் போனோம். தள்ளினோம், திறக்கவில்லை. மணியை அடித்தோம். உள்ளே மேசையடியில் இருந்த இளம் பெண் வந்து கதவை ஒரு சாண் மட்டும் திறந்தாள். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டாள். வயோதிபர் இல்லத்தில் பழகிய பிரெஞ்சில் தங்கச்சி சொன்னாள், ஒருவரையும் இல்லை, சும்மா பார்க்க. அப்படியென்றால் விடமுடியாது என்றாள் அந்தப் பெண். எங்கள் ரிபன்களைப் பார்த்தாள். ஏதோ வேதக்காரக் கூட்டம் துண்டுப் பிரசுரம் கொடுக்க வந்திருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

தங்கச்சி என் கையைக் கிள்ளினாள். "தண்ணி கேட்பம்."

கேட்டாள். அந்தப் பெண் முகத்தில் ஒரு இரக்கம் வந்தது. இதோ திறக்கப்போகிறாள் என்று நான் சப்பாத்தைத் தட்டிப் பனியை உதறினேன். அவள் கதவைச் சாத்திப் பூட்டைச் சரிபார்த்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்து, கடதாசிக் குவளை இரண்டை அந்த ஒரு சாண் இடைவெளியால் எங்களிடம் நீட்டினாள்.

நாங்கள் வாசலில் நின்று குடித்தோம். அந்தக் குளிரில் பல்லு விறைத்தது. அந்த நேரம் அங்கே படிக்கிற ஒரு பெடிச்சி முழங்கால் வரைக்குமான றப்பர் சப்பாத்தோடு வந்தாள். சாண மணம். கதவுக்காரி அவளையும் விடவில்லை. ஏதோ சொல்லி ஏசினாள். பெடிச்சி முகத்தைச் சுளித்துக்கொண்டு சப்பாத்தை வெளியில் கழற்றி வைத்துவிட்டு, வெறும் காலுறையோடு உள்ளே ஓடினாள். கதவு திரும்பவும் பூட்டிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் நின்று, நாங்கள் போகிறோமா என்று கதவுக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"திமிர் பிடிச்சவள்" என்றாள் தங்கச்சி. குரலில் கோபம் இல்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது எல்லாரும் பஸ்ஸுக்குள். எங்களைக் கூட்டிவந்த பங்குச் சுவாமி படியில் நின்றார். "எங்கை போனியள் ரெண்டு பேரும்?"

"வழி தவறிப் போச்சு சுவாமி" என்றாள் தங்கச்சி. நான் தலையைக் குனிந்துகொண்டு ஏறினேன்.

பஸ் ஓடத் தொடங்கி, முன் இருக்கைகளில் செபமாலை முடிந்து, புட்டுப் பொட்டலங்கள் பிரிக்கிற சத்தம் கேட்டது. தங்கச்சி ஜன்னலைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"என்னக்கா சொல்லுறியள்?"

"அவள் தண்ணியை வெளியிலை கொண்டுவந்து தந்தவள்."

"ஓம். ஆரெண்டு தெரியாத ஆக்களை உள்ளுக்கு விடேல்லை."

"மாமி போயிருந்தாலும் விட்டிருக்கமாட்டாள்."

தங்கச்சி சிரித்தாள். பிறகு, நாங்கள் இத்தனை காலமாகப் பேசாத கதையை, புட்டைக் குழைத்துக்கொண்டே எடுத்தாள். "கதிரை இரவல் எண்டா என்னக்கா? மாப்பிள்ளை இரவல் இல்லைத்தானே."

வெள்ளையடித்த அந்தச் சுவரை நான் பார்த்ததும் இல்லை, அந்த ஆளை ஒருமுறை கோயிலில் தூரத்தில் கண்டதோடு சரி. ஜன்னலுக்கு வெளியே ஆறு இன்னும் உறைந்துதான் கிடந்தது. நான் இந்தக் கல்லூரியைச் சந்தேகப்படுவது கல்லூரிக்காகத்தானா, இல்லை, பிள்ளை போய்விட்டால் டொக்டரிடம் என் வருத்தத்தை யார் சொல்வார் என்ற பயத்திலா? என் சந்தேகத்தையே நான் விசாரிக்கவேண்டி வந்தது. அதற்குச் சொல்லாமல் போய்ப் பார்க்க ஒரு வாசலும் இல்லை.

"கூப்பிட்ட நாளிலையும் ஒருக்காப் போவம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது பிள்ளைக்குச் சந்தோசத்தை விடச் சந்தேகம்தான் கூட. "ஏன் திடீரெண்டு? மாதா சொன்னவவோ?" என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஓம், அப்பிடித்தான்" என்று தங்கச்சி சட்டியைத் தேய்க்கத் தொடங்கினாள்.

அந்த நாள் கல்லூரி பஸ் நிறையச் சனம். விடுதிக் கதவு விரியத் திறந்து கிடந்தது, வாசலில் பலூன். உள்ளே மேசையடியில் அதே பெண். எங்களைக் கண்டதும் ஒரு கணம் நெற்றியைச் சுருக்கினாள். பிறகு எழும்பிப் போய், இரண்டு கடதாசிக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து எங்களிடம் நீட்டினாள். கண்ணில் சிரிப்பு.

"உங்களுக்கு இவவை எப்பிடித் தெரியும்?" என்றாள் பிள்ளை.

"விடாய்க்குது" என்று தங்கச்சி ஒரே மூச்சில் குடித்தாள்.

காட்டுவதற்கென்று திறந்து வைத்திருந்த அறைக்குப் போனோம். புதுப் படுக்கை விரிப்பு, ஒரு சின்னச் செடி, மேசையில் புத்தகம். எல்லாம் கூப்பிட்ட நாளுக்கு வைத்ததுதான், எனக்குத் தெரியாதா. பிள்ளை கட்டிலில் இருந்து, ஜன்னலால் தெரிந்த மாட்டுக் கொட்டகையைப் பார்த்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். அதில் காட்டுவதற்கென்று வைத்தது ஒன்றும் இல்லை.

மற்றவர்கள் அடுத்த அறைக்குப் போகும்வரை நின்றுவிட்டு, நான் மேசையடிக் கதிரையைத் தூக்கிக் கவிழ்த்தேன். அடியில் கல்லூரியின் பேர், கறுப்பு மையில், தேய்ந்து போய்ப் பழசாக இருந்தது.

"பெரியம்மா, என்ன தேடுறியள்?"

தங்கச்சி குனிந்து பார்த்தாள். "இவையின்ரைதான் அக்கா."

நான் கதிரையை நிமிர்த்தி வைத்து, அதிலே இருந்தேன். ஒரு கால் சற்று ஆடியது. பரவாயில்லை.

"வெள்ளிக்கிழமையிலை வீட்டை வந்திடவேணும்" என்றேன் பிள்ளையிடம். "டொக்டரிட்டைப் போற நாளை நான் வெள்ளிக்கு மாத்திறன்."

அவள் எழும்பி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ரீசேட்டைத் தந்தபோது வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, வாங்கிக்கொண்டேன். இன்னும் தோய்க்கவில்லை. சாயம் போகும் என்றுதான் நினைக்கிறேன்.